பட்டியலில் ஐந்தாவதாக இருந்த முழங்கால்

காலை ஐந்து நாற்பதுக்கு என் மகள் பின்வாசல் படியில் விழுந்தாள். ஒரே ஒரு படி. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. மணி எனக்கு இத்தனை சரியாகத் தெரியக் காரணம் உண்டு. ஆறு மணி ஷிஃப்டுக்காகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்றுதான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. குடியரசு தின அணிவகுப்புக்காகப் பள்ளியில் காலைப் பயிற்சி நடந்தது. வெள்ளை ஷூவைத் தேடிப் பின்வாசலுக்குப் போனவளின் நடையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.

"காலை நேரா வச்சு நட. வாத்து மாதிரி ஒரு பாதத்த வெளிய திருப்பிக்கிட்டுப் போனா பி.டி. சார் திட்டாம என்ன செய்வாரு?"

"அது தானா அப்படிப் போகுதுப்பா. முழங்கால் வலிக்குது."

"பரேடுக்குப் போறப்ப வலிக்கும், பீச்சுக்குப் போறப்ப வலிக்காது. நடிக்காத."

பதில் சொல்லத் திரும்பினாள். ஒரு கால் படியில் இருந்தது, இன்னொரு கால் தரையைத் தேடியது. அவ்வளவுதான். வழுக்கவில்லை, தடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே கால் அவளைக் கைவிட்டதுபோல் சரிந்தாள். அந்த அலறலைக் கேட்டு அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் வேலியைத் தாண்டி வந்தார்கள்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, "எந்திரி, ஒண்ணுமில்ல, நின்னு பாரு" என்றேன். நிற்க வைத்தேன். அவள் முகம் வெளுத்தது. சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. சமையலறையிலிருந்து ஓடி வந்த என் மனைவி என் கையைத் தட்டிவிட்டாள். "விடுங்க அவள. நீங்க என்ன டாக்டரா?" பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எண்ணெய்ப் புட்டியோடு வந்து, மூட்டு விலகியிருக்கும், ஒரு இழுப்பு இழுத்தால் உட்கார்ந்துவிடும் என்றார். அவரையும் அவள் கிட்டே விடவில்லை. கட்டிலில் போட்டிருந்த பலகையோடு சேர்த்து மகளை நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தோம்.

அங்கே இருந்த சிஸ்டர் தெலுங்குக்காரர். இந்தியும் தமிழும் கலந்துதான் பேசுவார். முழங்கால் என்று நான் சொல்லச் சொல்ல, வாசலில் நின்றபடியே மகளின் பாதங்களைப் பார்த்தார். இடது பாதம் வானத்தைப் பார்த்தது. வலது பாதம் பக்கத்துச் சுவரைப் பார்த்தது. வலது கால் கொஞ்சம் குட்டையாகவும் தெரிந்தது.

"கோயி மத் சூனா! யாரும் தொடக்கூடாது. இது முழங்கால் இல்ல அண்ணா, ஹிப். எவ்ளோ நாளா வலி?"

"நாலு மாசமா முழங்கால்தான் வலிக்குதுன்னு..."

"நாலு மாசம்? நாலு மாசமா யார்கிட்டயும் காட்டலயா?"

காட்டவில்லை. ஆனால் எழுதி வைத்திருந்தோம்.

தீவில் குடியிருக்கும் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். கோடை விடுமுறையில் மெயின்லேண்ட் போகும்போது முடித்துக்கொள்ள வேண்டியவை. எங்கள் வீட்டில் அது காலண்டரின் பின்பக்கம். என் மனைவியின் கடைவாய்ப்பல். என் கண்ணாடி. கிரைண்டர் கல் கொத்துவது. குலசாமிக்கு நேர்ந்த கிடா. ஐந்தாவதாக, 'பாப்பா முழங்கால்'. ஆறாவது, அவளுக்கு ஒரு பட்டுப் பாவாடை. எங்கள் அப்பா ராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்த காலத்தில் இங்கே ஒன்றும் கிடையாது. பல் பிடுங்கக்கூட கப்பலேற வேண்டும் என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. உயிர் போகாத எந்த நோவும் எங்களுக்கு மே மாதத்துக்கு உரியது. தைலம் தேய்த்தோம். முழங்காலுக்கு இறுக்கமான உறை வாங்கி மாட்டினோம். மேயில் மதுரையில் நல்ல டாக்டரிடம் காட்டலாம் என்று ஜனவரி வரைக்கும் வந்திருந்தோம்.

சிஸ்டர் வலிக்கு ஊசி போட்டார். இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்து, துணியால் சேர்த்துக் கட்டினார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் தோளைத் தொட்டு, "டரோ மத், பயப்படாதீங்க அண்ணா. ஆனா லேட் பண்ணாதீங்க. இதுல டைம்தான் மருந்து" என்றார். அப்போது அதன் பொருள் எனக்குப் புரியவில்லை.

எங்கள் பாராடாங் தீவிலிருந்து போர்ட் பிளேர் போக முதலில் ஃபெர்ரியில் நீரிணையைத் தாண்ட வேண்டும். அதன்பின் பழங்குடிகள் வாழும் காப்புக்காட்டு வழியாகக் கான்வாய். குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும். இடையில் யாரும் நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது. சிஸ்டர் யார் யாருக்கோ போன் செய்திருக்க வேண்டும். ஃபெர்ரி எங்கள் வண்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அக்கரையில் காலையின் முதல் கான்வாய் புறப்படாமல் எங்களுக்காக நின்றது. சுற்றுலாக் கார்கள், பால் வண்டி, காய்கறி லாரி எல்லாம் ஒதுங்கி வழிவிட, நாங்கள் முதல் வண்டியாக உள்ளே நுழைந்தோம்.

அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதில் இவ்வளவு பள்ளம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலத் தலையை ஆட்டினார். நிறுத்துங்கள் என்று சொல்லவும் வழியில்லை. இரண்டு பக்கமும் காடு. போனில் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை.

பாதிக் காடு தாண்டியபோது அவள் கண்ணைத் திறந்து, "அப்பா, நான் நடிக்கலப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு ஒரு தகவல் சொல்வதுபோல, பொறுமையாகச் சொன்னாள். என் மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், தமிழர். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பவர் ஹவுஸ்ல ஜெனரேட்டர் ஆபரேட்டர் சார்."

"அப்ப சுலபம். சுத்தியல்ல பிடி கழண்டு தலை நழுவி நிக்குறதப் பாத்திருப்பீங்க. தொடை எலும்போட மேல் நுனியில பந்து மாதிரி ஒரு தலை இருக்கு. வளர்ற வயசுல அந்தத் தலைக்கும் கழுத்துக்கும் நடுவுல எலும்பு இன்னும் இறுகியிருக்காது. அங்க நாலு மாசமா கொஞ்சம் கொஞ்சமா நழுவியிருக்கு. இன்னைக்கு விழுந்ததுல முழுசா முறிஞ்சு விலகிடுச்சு."

"அவளுக்கு முழங்கால்தானே சார் வலிச்சுது?"

"இடுப்புல இருக்குற நோவ முழங்கால்தான் சொல்லும். ரெண்டுக்கும் நரம்பு ஒண்ணு. பாதம் வெளிய திரும்பியிருக்குமே, கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன். தினமும் கவனித்து, தினமும் திட்டியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "வாரத்துக்கு ஒரு அப்பா இதச் சொல்றாரு சார். இப்ப அதுக்கு நேரமில்ல" என்றார். பிறகு படத்தில் அந்தத் தலையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். "பிரச்சினை முறிவு இல்ல. அத நான் திருகாணி போட்டு நிறுத்திடுவேன். இந்தத் தலைக்கு ரத்தம் போற குழாய் நூல் மாதிரி. முறிஞ்சதுல அது மடங்கியிருக்கலாம், அறுந்தும் இருக்கலாம். ரத்தம் போகலன்னா தலை செத்துரும். மெதுவா நொறுங்கும். அப்புறம் வாழ்நாள் முழுக்க நொண்டி நடக்கணும். எவ்வளவு சீக்கிரம் நேராக்குறோமோ அவ்வளவு நல்லது. இன்னைக்கே பண்ணணும்."

டீசல் குழாய் மடங்கினால் எந்த எஞ்சினும் சுற்றாது. எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்குள் செய்தி மெயின்லேண்டுக்குப் போய்விட்டது. மதுரையிலிருந்து என் மைத்துனர் போன் செய்தார். வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும் குரல் அவருடையது.

"மாப்ள, அங்கெல்லாம் கத்தி வைக்க விடாதீக. பொம்பளப் புள்ள. ஃப்ளைட்ல தூக்கிட்டு வந்துருங்க. இங்க பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன். நாளைக்கோ நாளன்னைக்கோ பாத்துருவாக."

நான் தடுமாறினேன். பெரிய டாக்டர் என்ற சொல் எங்கள் காதில் எப்போதும் மெயின்லேண்டின் குரலில்தான் விழும். நாளைக்குப் பிற்பகல் ஃப்ளைட்டில் படுக்கவைத்துக் கொண்டு போகச் சீட்டு கிடைக்குமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். என் மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அண்ணே, மெயின்லேண்டுக்கு மெயின்லேண்டுக்குன்னு நாலு மாசம் எடுத்து வச்சோம். அதான் இங்க வந்து நிக்குது. இனி ஒரு ராத்திரிகூட வைக்க மாட்டேன். இந்த டாக்டர் செய்யட்டும். நீ சாமியக் கும்பிடு."

வைத்துவிட்டாள். என்னைப் பார்த்து, "போய்க் கையெழுத்துப் போடுங்க. ஏன் நிக்கிறீங்க?" என்றாள். பதினெட்டு வருட மணவாழ்வில் தன் அண்ணன் பேச்சை அவள் வெட்டியது அதுதான் முதல் தடவை. நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டேன் என்று நர்ஸ் சொல்லி, மறுபடி எழுத வைத்தார்.

பிற்பகலில் ஆபரேஷன் முடிந்தது. இரண்டு திருகாணிகள். தொடைப் பக்கத்தில் கட்டைவிரல் நீளத் தையல். இவ்வளவு பெரிய பயத்துக்கு இவ்வளவு சிறிய தையலா என்றுதான் முதலில் தோன்றியது. மயக்கம் தெளிந்த மகள் கேட்ட முதல் கேள்வி, "ஏர்போர்ட்ல என்னைய பாத்து பீப் அடிக்குமா?" என்பது.

டாக்டர் மறுநாள் வந்து நல்லபடியாகப் பொருந்திவிட்டது என்றார். நான் கும்பிட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இப்பவே கும்பிடாதீங்க. தலைக்கு ரத்தம் போகுதா இல்லையான்னு இன்னைக்கு யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்ரேல தெரிய மாசக்கணக்காகும். ஒன்றரை வருஷம் பார்ப்போம். அது வரைக்கும் உருண்டையா இருந்தா ஜெயிச்சோம். இன்னொரு இடுப்பையும் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். அப்புறம் கொஞ்சம் எடையும் குறைக்கணும்."

கடைசி வாக்கியம் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "வளர்ற புள்ள. நான் என்ன வெறும் நெய்யையா ஊத்துனேன்?" என்று என்னிடம் முணுமுணுத்தாள். கட்டிலிலிருந்து பதில் வந்தது. "ஆமாம்மா. வெறும் நெய்யத்தான் ஊத்துன."

ஆறு வாரத்துக்கு வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் என் மனைவியின் அக்கா வீடு தரைத்தளம் என்பதால் அம்மாவும் மகளும் அங்கே தங்கினார்கள். நான் ஷிஃப்டு முடித்துக் கான்வாய் பிடித்து வந்து, மறுநாள் திரும்பிப் போவேன். வந்த அன்றெல்லாம் ஏதாவது ஒரு ஏற்பாடு செய்வேன். கட்டிலைச் சுற்றி மிதியடி விரித்தேன். குளியலறைக் கதவைக் கழற்றினேன். அவள் தண்ணீர் கேட்டால் அக்காவுக்கு முன்னால் நான் எழுந்து ஓடினேன். கழிவறைக்கு அவளைக் கையில் ஏந்திக்கொண்டு போனேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு வெட்கம் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

பிசியோதெரபி செய்ய வந்த பெண் வங்காளி. சிப்பிகாட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அக்கா என்ற பொருளில் நாங்கள் தீதி என்று கூப்பிடுவோம். முதல் நாளே வீட்டுக்குள் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். மிதியடிகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"தாதா, யே சப் கிஸ்னே லகாயா? இதெல்லாம் யார் விரிச்சது அண்ணா? ஊன்றுகோல் இதுலதான் வழுக்கும். குழந்தை விழணும்னு ஆசையா?"

"அவளுக்குக் கால் நோகக் கூடாதுன்னு..."

"பஹலே ஆப் கா இலாஜ் கர்னா படேகா" என்றார். முதலில் உங்களுக்குத்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்று. மகள் அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து எனக்கு எதிராகக் கட்சி கட்டியதும் அன்றுதான். நான் அறைக்குள் வந்தால் தீதி வாசலைக் காட்டுவார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் மகள், "அப்பா, சாயா குடிச்சிட்டு வாங்க. ஜாயியே, ஜாயியே, போங்க" என்பாள்.

ஊன்றுகோலோடு படி ஏறவும் இறங்கவும் கற்றுக்கொடுத்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். அந்த வீட்டில் வாசலுக்கு மூன்று படிகள். பின்வாசல் படியிலிருந்து விழுந்தவள் இந்த மூன்று படிகளின் முன்னால் நின்று, கண்ணை மூடித் திறந்து, நல்ல காலை வைத்தாள். நான் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி முடித்ததும், "அப்பா, சுவருக்குப் பின்னாடி உங்க வழுக்கைத் தலை தெரியுது" என்று கத்தினாள்.

ஆறாம் வாரத்து எக்ஸ்ரே நன்றாக இருந்தது. இனிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் வைக்கலாம் என்றார்கள். முதலில் பத்துக் கிலோ, அடுத்த வாரம் இருபது, அதற்கடுத்து முப்பது. பத்துக் கிலோ என்பது எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? தீதி குளியலறை எடை மெஷினைத் தரையில் வைத்து, நோவுள்ள காலால் அழுத்தி முள்ளைப் பார்க்கச் சொன்னார். நாங்கள் பாராடாங்குக்குத் திரும்பும் நேரம் அது. எங்கள் வீட்டில் எடை மெஷின் கிடையாது. ஊரில் இருந்த நல்ல தராசு, கடைத்தெருவில் பாக்கு வாங்கும் அண்ணாச்சியிடம் இருந்த பெரிய மேடைத் தராசுதான். பாக்கு மூட்டை நிறுப்பது.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். காலை ஏழு மணிக்குக் கடை திறக்குமுன் தராசைத் துடைத்து வைப்பார். அவள் இரண்டு ஊன்றுகோலில் நின்று, வலது பாதத்தைப் பலகையில் வைத்து அழுத்துவாள். அவர் குனிந்து எண்ணைப் பார்த்து, மூட்டைக்குச் சொல்வது போலவே சத்தமாகச் சொல்வார்.

"எட்டு! ஏட்டி, சாப்பிட்டியா இல்லையா? நல்லா மிதி. ஒம்போது. பத்து. ஆங், நிறுத்து. பத்துக்கு மேல போனா உங்கப்பா என் கடைய எழுதி வாங்கிருவான்."

"அண்ணாச்சி, காஞ்ச பாக்கா பச்சப் பாக்கா?"

"நீ இன்னும் பச்சதாம்ட்டி. காய இன்னும் ரெண்டு மாசம் ஆவும்."

பாக்கு மூட்டையோடு வந்த சுமைகாரர்களும் இதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். இருபது வந்த அன்று ஒருவர் கை தட்டினார். முப்பது வந்த அன்று எல்லோரும். நாற்பத்தைந்து வந்த அன்று, தராசில் வைத்த அந்த ஒரே காலில் அவள் முழு எடையும் நின்றது. நெய்யை நிறுத்தியதில் உடம்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. ஊன்றுகோல்கள் இரண்டும் அவள் கையில் இருந்தன, ஆனால் தரையைத் தொடவில்லை. அண்ணாச்சி எண்ணைச் சொல்ல மறந்துவிட்டார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஊன்றுகோல் இல்லாமல் அவள் நடந்த முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை. வழியில் பாதத்தை வெளியே திருப்பாமல் நடக்கிறாளா என்று குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். நேராகத்தான் இருந்தது. என் மனைவி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "பின்னாடி போகாதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா கொன்னுருவா." நின்றுவிட்டேன். அவள் முக்குத் திரும்பி மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கதை அங்கே முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. எலும்புக்குள் அந்த நூல் குழாயில் ரத்தம் ஓடுகிறதா என்பது ஒருவருக்கும் தெரியாது. அவள் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே தலை செத்துக்கொண்டிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு எக்ஸ்ரே. ஒவ்வொன்றின்போதும் டாக்டர் படத்தை மாட்டிய நொடியிலிருந்து வாயைத் திறக்கும் வரை நான் மூச்சு விட்டதில்லை. நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் பார்க்கணும் என்பார். அந்த 'ஆனால்' அடுத்த மூன்று மாதம் என்னோடு ஷிஃப்டுக்கு வரும். அவள் நாற்காலியிலிருந்து எழும்போது முகம் சுளித்தால் என் சாப்பாடு நின்றுவிடும். ஒருநாள் இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதையும் கேட்காமல் அடுத்த கான்வாயில் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தேன். கொசு கடித்திருக்கிறது. டாக்டர் சிரிக்கவில்லை. "பரவாயில்ல, முழங்கால்னா இடுப்பப் பாக்கணும்னு கத்துக்கிட்டீங்க" என்றார். மகள்தான் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் சிரித்தாள். "கொசுவுக்கு எக்ஸ்ரே எடுத்த ஒரே அப்பா, ஆல் இண்டியால நீங்கதான்."

நானும் மாறித்தான் போனேன். எங்கள் தெருவில் யாராவது பிள்ளைக்கு முழங்கால் வலி, மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நான் சும்மா இருப்பதில்லை. அந்தப் பிள்ளையை நடக்கச் சொல்லிப் பார்ப்பேன். பாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன். இடுப்பையும் பாருங்கள், இங்கேயே பாருங்கள், இன்றைக்கே பாருங்கள் என்பேன். சிலர் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். ஒரு பையனுக்கு அப்படிப் போய்ப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்று வந்தது. அவன் அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். இருக்கட்டும். ஒன்றுமில்லை என்று வருவதற்காகத்தான் பார்ப்பது.

பதினெட்டாம் மாதத்து எக்ஸ்ரே ஜூலையில் வந்தது. மழைக்காலம். அன்று எனக்கு ஷிஃப்டு மாற்றக் கிடைக்கவில்லை. அம்மாவும் மகளும் முந்தின நாளே போய்விட்டார்கள். பத்து மணிக்குப் படம் எடுப்பார்கள் என்று தெரியும். பத்தேகாலுக்குப் போன் செய்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. பத்தரைக்குச் செய்தேன், எடுக்கவில்லை. பதினொன்றுக்குச் செய்யப் போனபோது என் போனில் சிக்னலே இல்லை. மழைக்கு எங்கள் பக்கம் டவர் நின்றுவிட்டது என்று கூட வேலை செய்பவர் சொன்னார். இரண்டு மணிக்கு ஷிஃப்டு முடியும்வரை ஜெனரேட்டர் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதினேன். ஒரு மணிக்கான அளவை இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

நல்ல சேதி என்றால் எடுத்திருப்பார்களே என்று ஒரு மனம் சொன்னது. கெட்ட சேதி என்றால் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருப்பார்கள் என்று இன்னொரு மனம் சொன்னது. குடையை எடுத்துக்கொண்டு ஃபெர்ரித் துறைக்குப் போனேன். அவர்கள் வரும் கான்வாய் காட்டைக் கடந்து அக்கரையில் வந்து நிற்க மூன்று மணிக்கு மேலாகும். அதுவரை நின்றேன். டீக்கடைக்காரர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

ஃபெர்ரி மழைக்குள்ளிருந்து வந்தது. மேலே ஒரு பஸ், இரண்டு ஜீப், ஓரமாக ஆட்கள். பலகை கரையில் இடித்து நின்றதும் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். நான் நடுவில் போய் நின்றுவிட்டேன், நகரத் தோன்றவில்லை. முதலில் ஒரு கறிகாய்க்காரர். அவருக்குப் பின்னால் என் மனைவி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து மெதுவாக. குனிந்திருந்ததால் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் மகள், பெரிய பெரிய எட்டு வைத்துச் சரிவில் ஓடி வந்தாள். ஓடித்தான் வந்தாள். எக்ஸ்ரே உறை அவள் தலைக்கு மேல் குடையாக இருந்தது.

"போன் அம்மா பைக்குள்ள சைலண்ட்ல இருந்துச்சுப்பா, என்னையத் திட்டாதீங்க. தலை உருண்டையா இருக்காம், உயிரோட இருக்காம், இனிமே வரவே வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஸ்கிப்பிங்கூட ஆடலாமாம்" என்றாள் ஒரே மூச்சில். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அரே, நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி நடுவுல நிக்கிறீங்க? ஓரமா வாங்கப்பா, பஸ் இறங்குது" என்றாள்.